வல்லுநர் நாற்காலி

உக்காருங்க தம்பி, இடம் இருக்கு. பையை மேல வைங்க, ஒண்ணும் போயிராது. இந்த பஸ் ஆலந்தட்டை போய்ச் சேர எப்படியும் பொழுது சாஞ்சிரும். கை காட்டுற இடத்துல எல்லாம் நிப்பான். அதுவரைக்கும் நான் பேசிக்கிட்டுதான் வருவேன். தொந்தரவா இருந்தா சொல்லிருங்க. சொன்னாலும் பேசுவேன், அது வேற விஷயம்.

என்ன வேலை பாக்கீங்க? காலேஜ்ல வாத்தியாரா? சரியாப்போச்சு. அப்ப நான் சொல்லுறதைக் கேட்டு உங்களுக்குக் கோவம் வரும். வரட்டும். இன்னைக்கு நான் யாருக்கும் நல்லவனா இருக்கப்போறதில்லைன்னு காலையிலயே ஆயிப்போச்சு.

எம்பேரு ஆறுமுகநயினார். சங்குமுனைத் தீயணைப்பு நிலையத்துல நிலைய அலுவலரா இருந்து போன வருஷம் ரிட்டயர்டு ஆனேன். சாதா ஃபயர்மேனாச் சேந்து ஏறி வந்தவன். பஞ்சு குடோன், ஓலைக்குடிசை, மீன்பிடிப் படகு, பெட்ரோல் லாரி, கிணத்துல விழுந்த மாடு, எல்லாம் பாத்தாச்சு. இந்தக் கையைப் பாருங்க, தோல் வேற நிறமா இருக்குல்ல? பஞ்சு குடோன். சரி, அதை விடுங்க.

எங்க மாவட்டத்துல தீயணைப்புக்கு ஆலோசனைக் குழுன்னு ஒண்ணு உண்டு. கலெக்டர்தான் தலைவர். எங்க துறை ஆளுக, நகராட்சி ஆளுக, வியாபாரிகள் சங்கத் தலைவர் கணபதியப்பன், எல்லாரும் உக்காந்து எந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கலாம், எந்த நிலையத்துக்குப் புது வண்டி வேணும்னு பேசுவோம். டீ வரும், முறுக்கு வரும், கையெழுத்துப் போட்டுட்டு எந்திரிச்சு வருவோம். ஒரு சத்தம் சண்டை கிடையாது. அப்படி இருந்த குழுவுல மேல இருந்து ஒரு உத்தரவு. தொழில்நுட்ப வல்லுநர் ஒருத்தரைக் கட்டாயம் சேக்கணுமாம். யாருக்குத் தோணுச்சோ தெரியலை. சேத்தாங்க. வந்தாவ ஒரு அம்மா.

டாக்டர் ஹெப்சிபா. இன்ஜினியரிங் காலேஜ்ல கெமிக்கல் துறை. தீ எப்படிப் பிடிக்கு, எப்படிப் பரவுதுன்னு ஆராய்ச்சி பண்ணுறவங்களாம். வயசு என் தங்கச்சி வயசுதான் இருக்கும். வந்த அன்னைக்கே முறுக்கைத் தள்ளி வெச்சுட்டு, சங்குமுனையில இருக்கிற குடோன்ல எல்லாம் உள்ள என்ன சரக்கு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமான்னு என்னைப் பாத்துக் கேட்டாவ. கலெக்டரை வெச்சுக்கிட்டு. நான் என்ன சொல்லுறது? சரக்கு இருக்கு, பெட்டி பெட்டியா இருக்குன்னேன். பெட்டிக்குள்ளன்னாவ. வியாபாரி வெச்சிருக்கிறதை நான் எதுக்குப் பிரிச்சுப் பாக்கணும்னேன். உள்ள என்னன்னு தெரியாம உங்க ஆளுகளை எப்படி உள்ள அனுப்புவீங்கன்னு கேட்டாவ.

எனக்கு வந்த கோவம் இருக்கே. என் ஆளுகளை எப்படி அனுப்பணும்னு எனக்குச் சொல்லித்தர ஒரு ஆளா? நானும் கேட்டேன். "மேடம், நீங்க இதுவரைக்கும் எத்தனை தீயை அணைச்சிருக்கீங்க?"

"ஒண்ணுகூட இல்லை சார்," ன்னாவ. "நான் பத்தவெச்சு மட்டுந்தான் பாத்திருக்கேன்."

எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை.

அதுல இருந்து ஒவ்வொரு கூட்டத்துலயும் எங்க ரெண்டு பேருக்கும் ஆகாது. அவிய ஒண்ணு சொல்லுவாவ, நான் அதுக்கு நேர் மாறாச் சொல்லுவேன். முகமூடியை மாத்தணும்பாவ. மூச்சு விடத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு முகமூடின்னு கேப்பேன். பேட்டரி வண்டி நிறைய வருது, அதுல பிடிக்கிற தீயே வேற மாதிரின்னு படம் போட்டுக் காட்டுனாவ. தீயில என்ன வேற மாதிரி, சுடும், தண்ணி ஊத்துனா அணையும்னேன். இந்தம்மா குழுவுக்கு வேண்டாம், வேலை தெரிஞ்ச ஆளுக போதும்னு அந்த மேசையைத் தட்டியே சொன்னேன். இன்னைக்கும் அதைத் தப்புன்னு நான் சொல்லலை. புரியுதா? எழுதப் படிக்கத் தெரிஞ்சுட்டா எல்லாம் தெரிஞ்சுரும்னு நினைக்கிற கூட்டத்தை எனக்குப் பிடிக்காது. உங்களைச் சொல்லலை. ஜன்னலை லேசாத் திறங்க, காத்து வரட்டும்.

அப்புறந்தான் அந்த குடோன் சம்பவம்.

சங்குமுனைக் கடற்கரை ரோட்டுல பேட்டரி ஸ்கூட்டருக்குப் பேட்டரி இறக்கி வெச்சிருக்கிற குடோன் ஒண்ணு. காலையில கடை திறக்குற நேரம் போன் வருது. போனோம். பாத்தா தீயே இல்லை. ஷட்டர் அடியில இருந்து வெள்ளையா, ஆவி மாதிரி, தரையோட தரையா ஊர்ந்து வருது. அவ்வளவுதான். எதிர்த்தாப்புல மளிகைக் கடைக்காரரு, தானா அடங்கிருச்சு சார், முன்னாடி இன்னும் நிறைய வந்துச்சுங்காரு. எனக்கும் அப்படித்தான் பட்டுது. ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ள என்னன்னு பாத்துட்டா முடிஞ்சுது. எசக்கிப்பாண்டின்னு எங்க ஆளு, நல்ல பலசாலி, நான் சொன்னா யோசிக்காமச் செய்வான். கம்பியை எடுத்துக்கிட்டு ஷட்டர்கிட்டப் போயிட்டான். பின்னாடி ரெண்டு பேரு ஹோஸோட நிக்கான்.

அந்த நேரம் பாத்து எனக்கு போன். அந்தம்மா.

எப்படித் தெரியும்னு கேக்கீங்களா? குழுவுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. யாரோ படம் பிடிச்சுப் போட்டுட்டான். அவிய வணக்கம்கூடச் சொல்லலை. "நயினார் சார், கதவைத் திறக்காதீங்க. உள்ள பேட்டரி வெந்துக்கிட்டு இருக்கு. தீ இல்லைன்னா அந்த வாயு எரியாமச் சேந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். கதவுக்கு நேர் எதிர்ல ஒருத்தரையும் நிக்க விடாதீங்க" ன்னாவ.

நான் போனைக் கட் பண்ணிட்டேன். வேலை நேரத்துல எனக்கு போன் பேசுற பழக்கம் கிடையாது.

போனைப் பையில போட்டுட்டு, ஏல எசக்கி, அதை விட்டுட்டு இந்தப் பக்கம் வா, காம்பவுண்டுச் சுவர் ஓரமா வந்து நில்லுங்கன்னு சத்தம் போட்டேன். எல்லாரும் வந்துட்டாங்க. மளிகைக் கடைக்காரரையும் கடையை விட்டு இறங்கச் சொன்னேன். ஏன் சொன்னேன்னா, காத்து திரும்பிருச்சு. கடல்காத்து. அது முகத்துல அடிச்சா ஆவியெல்லாம் நம்ம ஆளுக மேலதான் வரும். முப்பது வருஷத்துக்கு மேல கடற்கரை ஊர்ல வேலை பாத்தவனுக்குக் காத்து தெரியாதா?

என்ன அப்படிப் பாக்கீங்க? காத்துதான்.

நாங்க சுவர் ஓரத்துல போய் நின்னு மூச்சு விட்டுருப்போம், அவ்வளவுதான். அந்த ஷட்டர் தானாத் திறந்துச்சு. திறந்துச்சுன்னா, ரோட்டைத் தாண்டிப் பறந்துச்சு. தகரம் சுருண்டு மளிகைக் கடைக்குள்ள போய் நிக்கு. எசக்கி நின்ன இடத்துல தரையே கருகிக் கிடக்கு. அவனுக்கு ஒரு காது மட்டும் இன்னைக்கும் சரியாக் கேக்காது. வேற ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லை. எசக்கி தரையில உக்காந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டான். பெரிய ஆம்பளை, விடவே மாட்டேங்கான். நான் எந்திரில, வேலை கிடக்குன்னு சொன்னேன்.  

அப்புறம் விசாரணை வெச்சாங்க. எசக்கி போய், ஐயாவுக்கு போன் வந்துச்சு, உடனே எங்களைத் தள்ளி வரச் சொன்னாருன்னு சொல்லிட்டான். போன் வந்தது உண்மை. தள்ளி வரச் சொன்னதும் உண்மை. அந்த 'உடனே'தான் பொய். அவனுக்குக் காது சரியில்லாம ஆனதுல நேரமும் குழம்பிப்போச்சு போல. அந்தம்மாகிட்டயும் கேட்டாங்க, நீங்க சொல்லித்தான் அவரு தள்ளி வந்தாரான்னு. நானும் அங்கதான் இருந்தேன். அவிய என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "நான் போன் பண்ணினேன். அவர் கட் பண்ணிட்டார். களத்துல முடிவெடுத்தது அவர்தான்" ன்னாவ. பாத்தீங்களா? அவியளே ஒத்துக்கிட்டாவ. அதுக்கு மேல என்ன வேணும்? எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தாங்க. குடியரசு தினத்தன்னைக்கு, மைதானத்துல, மேளத்தோட. அவிய கூட்டத்துல பின்வரிசையில நின்னு கை தட்டுனாவ. எதுக்குத் தட்டுனாவன்னு எனக்கு இன்னைய வரைக்கும் புரியலை.

நான் ரிட்டயர்டு ஆனேன். அவிய குழுவுல இருந்தாவ. இனிமே வீடு இருக்கிற கட்டடத்துல பேட்டரி குடோனுக்கு அனுமதி கூடாது, தனிக் கட்டடம் வேணும், வாயு வெளிய போக வழி வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னாவளாம். வியாபாரிகளுக்கு அது ஆகலை. ஊர்ல பாதிப் பேரு பேட்டரி வண்டிக்கு மாறிக்கிட்டு இருக்கான், இந்த நேரத்துல இந்தம்மா வாசலை அடைச்சுக்கிட்டு நிக்காவன்னு கணபதியப்பன் ஊரெல்லாம் சொன்னாரு. குழுவோட காலம் முடிஞ்சுது. புதுக் குழு போட்டாங்க. அந்தம்மா பேரு இல்லை. அவியகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூட இல்லையாம். அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பி வந்து, வாசல்ல இருந்த பியூன் சொல்லித்தான் தெரிஞ்சுதாம்.

அந்த இடத்துல யாரைப் போட்டாங்க தெரியுமா? தொழில்நுட்ப வல்லுநர், ஆறுமுகநயினார்.

என்னைத்தான்.

பொய் சொல்ல மாட்டேன், தம்பி. ஒரு நாள் சந்தோசமா இருந்தேன். பழைய நிலையத்துக்குப் போய் டீ வாங்கிக் கொடுத்தேன். எசக்கி மட்டும் டீயைக் கையில வெச்சுக்கிட்டு, "அப்ப அந்தம்மா, ஐயா?" ன்னு கேட்டான். உனக்கு டீ வேணுமா வேண்டாமான்னு கேட்டேன்.

என்னைவிட சந்தோசப்பட்டது எம்மருமவன். சிவசைலம்னு பேரு. நல்ல பையன், குடி கிடையாது, உழைப்பாளி. ஆலந்தட்டையில பேட்டரி ஸ்கூட்டர் ஏஜென்சி எடுத்திருக்கான். கீழ கடையும் குடோனும், மேல வீடு. எம்மவ கோமதியும் பேத்தியும் மேல இருக்காங்க. அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருந்தான். அந்தம்மா இருந்தவரைக்கும் நகரலை. மாமா, இனிமே நீங்கதானே, ஒரு தலையாட்டல்தானேன்னான். நானும் ஆட்டிரலாம்னுதான் இருந்தேன். என் மவளுக்கு நான் செய்யாம யாரு செய்வா?

இன்னைக்குக் காலையிலதான் முதல் கூட்டம். அந்தம்மா உக்காந்த அதே நாற்காலியில என்னை உக்கார வெச்சாங்க. முறுக்கும் வந்துச்சு. முதல் கேஸே மருமவனோடது. கட்டட வரைபடத்தை விரிச்சுப் போட்டாங்க. கலெக்டர் சின்ன வயசுப் பையன், மரியாதை தெரிஞ்சவன். வல்லுநர் கருத்து என்ன சார்னு என்னைப் பாத்தான். கணபதியப்பன், அவரே அனுபவசாலி, கேக்கவே வேண்டாம்னு சிரிக்காரு. எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்காங்க.

நான் அந்தப் படத்தைப் பாத்தேன். கீழ பேட்டரி அறை. அது ஓரமாவே மாடிப்படி. மேல ஏறவும் இறங்கவும் அந்த ஒரு படிதான். அந்தப் படியில நான் போன வாரம் ஏறிப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்திருக்கேன். பேத்தி ஸ்கூல் பையோட அதுலதான் இறங்குவா. சங்குமுனையில அந்த ஷட்டர் எப்படிப் பறந்துச்சுன்னு நான் பாத்திருக்கேன். ஆனா அந்த அறைக்குள்ள எத்தனை பேட்டரி இருந்தா அப்படிப் பறக்கும், எவ்வளவு இருந்தா பறக்காது, ஜன்னல் வெச்சா போதுமா, சுவர் எவ்வளவு கனம் வேணும்? எனக்கு எப்படித் தெரியும்? யாராவது கேட்டா என்ன சொல்லுறது? ஆனா அங்க கேக்க ஒரு ஆள் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கலை. அந்தம்மா இருந்திருந்தா இந்நேரம் என்னைக் குடைஞ்சு எடுத்திருப்பாவ. இவங்க எல்லாம் நான் தும்முனாக்கூடக் கையெழுத்துப் போட்டிருவாங்க.

எந்திரிச்சுட்டேன்.

"ஐயா, இது எம்மருமவன் கட்டடம். அதை முதல்ல எழுதிக்கிடுங்க. ரெண்டாவது, இந்த நாற்காலி என்னோடது இல்லை. தீ பிடிச்சதுக்கு அப்புறம் என்னைக் கூப்பிடுங்க, எந்தக் கட்டடத்துக்குள்ளயும் போவேன். பிடிக்குமா பிடிக்காதான்னு சொல்ல வேற ஆளு இருக்காவ. அவியளை ஏன் குழுவுல இருந்து எடுத்தீங்க?"

கணபதியப்பனுக்கு மூஞ்சி மாறிப்போச்சு. "அந்தம்மா வேண்டாம்னு இதே மேசையைத் தட்டுனது நீங்கதானே நயினார்?" ன்னாரு.

"நான்தான். இன்னைக்கு வந்து உக்காந்தாலும் தட்டுவேன். அவிய சொல்லுறதுல பாதி எனக்குப் பிடிக்காது. ஆனா நான் தட்டுனா அவிய திருப்பிப் பதில் சொல்லுவாவ. நீங்க யாரு சொல்லுவீங்க?"

 கலெக்டர், உக்காருங்க சார், யோசிக்கலாம்னாரு. யோசிங்க, ஆனா வல்லுநர் கருத்துன்னு என் பேரைப் போட்டு ஒரு காகிதமும் இந்த அறையை விட்டுப் போகக்கூடாது, போனா நான் ஊருக்கே சொல்லுவேன்னேன். எல்லா பேட்டரி கேஸையும் தள்ளி வெச்சுட்டாங்க. அந்தம்மாவைக் கூப்பிட மேல கேட்டு எழுதுறேன்னு கலெக்டர் சொல்லியிருக்காரு. எழுதுவாரோ, என்னைத் தூக்கிட்டு வேற ஒரு தலையாட்டியை உக்கார வைப்பாங்களோ. செய்யட்டும். அந்த ஆளையும் நான் வாசல்லயே வெச்சுக் கேப்பேன், சுவர் எவ்வளவு கனம் வேணும்னு சொல்லுலன்னு.

வெளிய வந்தா மருமவன் போன். கணபதியப்பன் அதுக்குள்ள சொல்லிட்டாரு. என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க, சரக்கு வந்து இறங்கிருச்சு, எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னான்.  இறங்கிருச்சா? அனுமதிக்கு முன்னாடியேவான்னு கேட்டேன். நீங்க இருக்கீங்கன்னுதானே மாமா இறக்கினேன்னான்.

என்னை நம்பி இறக்கியிருக்கான். மேல எம்மவ.

கோமதியைப் போன்ல கூப்பிட்டேன். அவ கத்துவான்னு நினைச்சேன். கத்தலை. "அப்பா, நெசமாவே ஆபத்தா?" ன்னா.

"எனக்குத் தெரியாது தாயி," ன்னேன். "தெரிஞ்சவியகிட்டக் கேட்டுச் சொல்லுதேன். நீ லைன்ல இரு."

கேக்கலையான்னு பாக்கீங்களா? கேட்டேன். அந்தம்மாவுக்குத்தான் போன் போட்டேன். ஏன் கேக்கக்கூடாது? அவிய வகுப்புல இருந்தாவ, வெளிய வந்து பேசுனாவ. நான் கூட்டத்துல பேசுனதைப் பத்தி நானும் சொல்லலை, அவியளும் கேக்கலை. முதல்ல பிள்ளையைக் கூட்டிட்டு மவளைக் கீழ இறங்கச் சொல்லுங்கன்னாவ. பக்கத்து வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. சார்ஜ் போட்டிருக்கிறதை மெயின் சுவிட்சுல அணைக்கச் சொல்லுங்க. உப்பிப்போன பேட்டரி, சூடா இருக்கிற பேட்டரி இருந்தா யாரும் தொட வேண்டாம், நிலையத்துக்குச் சொல்லிருங்க. மத்ததை ஆள் வந்ததும் ஒவ்வொண்ணாத் திறந்த வெளியில, நிழல்ல, இடம் விட்டு வைங்கன்னாவ. எல்லாத்தையும் அப்படியே மவளுக்குச் சொன்னேன். அவ இறங்கிட்டா. பேத்தியும் அவளும் இப்ப எதிர்வீட்டுல இருக்காங்க. ஆலந்தட்டை நிலையத்துக்கும் சொல்லியாச்சு. எசக்கி இப்ப மாத்தலாகி அங்கதான் இருக்கான், அவன் வண்டியோட போய் நிக்கான்.

மருமவன் குதிக்கான். இந்தா பாருங்க, அவன்தான் கூப்பிடுதான், இதோட எத்தனையாவது தடவையோ. எடுக்க மாட்டேன். நேர்ல பேசிக்கிடலாம். மாமன் மூஞ்சியில இனிமே முழிக்க மாட்டேன்னு கோமதிகிட்டச் சொன்னானாம். முழிக்க வேண்டாம், திரும்பி நின்னுக்கிட்டே சரக்கைத் தூக்கட்டும். நானும் ஒரு பக்கம் தூக்குவேன். இன்னைக்கு அந்தக் கட்டடத்துல ஒரு பேட்டரி இருக்காது. இருந்தா நான் அந்த மாடிப்படியில குறுக்க உக்காந்திருப்பேன், எம்மேல ஏறித்தான் யாரும் போகணும்.

சிரிக்கீங்க. அந்தம்மாகிட்டக் கேட்டுட்டேன்னுதானே சிரிக்கீங்க?

கேட்டேன், தம்பி. கேட்டா என்ன குறைஞ்சு போச்சு? கேக்கறதுக்குத்தானே அந்த நாற்காலியைப் போட்டிருக்கு. அதுல உக்காந்தவங்க சொல்லுறதை நான் ஒத்துக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்லை. கொஞ்சம் காலை ஒதுக்குங்க. கண்டக்டர், ஆலந்தட்டை ஒண்ணு இறங்கணும்.